புதிய கன்சோல் வந்தால் புதிய விளையாட்டும் வருமா?

கிளிநொச்சியில் கைத்தொலைபேசி திருத்தும் சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். சென்ற ஆவணியில் உருத்திரபுரத்திலிருந்து ஓர் ஐயா தன் மகனோடு வந்தார். பையில் பிளேஸ்டேஷன் 4 என்ற விளையாட்டுக் கருவி ஒன்று இருந்தது. கனடாவில் இருக்கும் சித்தப்பா, தன் பிள்ளைகள் பாவித்ததை விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாராம். இங்குள்ள செருகிக்கு ஏற்ற வயர் வேண்டும் என்றார்கள். வயரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மகனுக்கு அதில் மனமில்லை. “இது பழையது அண்ணா. பிளேஸ்டேஷன் 5இல் விளையாட்டே வேறு மாதிரி” என்றான். தகப்பன் என்னைப் பார்த்தார். “உண்மையா தம்பி? அப்படியென்றால் சித்தப்பாவிடம் கேட்கலாம். வெறும் பெயருக்கென்றால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.”

ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. புதியது வந்தால் எல்லாம் மாறும் என்பாரும் உண்டு, எல்லாம் வெறும் விளம்பரம் என்பாரும் உண்டு. இரு சாராரும் ‘விளையாட்டு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று பொருளைப் போட்டுக் கலக்குகிறார்கள். அன்று பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். கன்சோல் என்பது விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கணினி. அதை இயக்கக் கையில் பிடிக்கும் கருவி கண்ட்ரோலர்.

## கிளித்தட்டிலிருந்து தொடங்குவோம்

வன்னியில் வளர்ந்த எவருக்கும் கிளித்தட்டு தெரியும். அறுவடை முடிந்த வயலிலோ கோயில் வீதியிலோ நடுவே ஒரு நீளக் கோடும் அதற்குக் குறுக்கே பல கோடுகளும் கீறுவோம். குறுக்குக் கோட்டில் மறித்து நிற்பவர் தன் கோட்டைவிட்டு விலகக் கூடாது. கிளி எனப்படும் ஆள் மட்டும் நடுக்கோட்டால் ஓடிவந்து தொடலாம். உள்ளே இறங்கியவர்கள் யாரிடமும் அடிபடாமல் கடைசிக் கோட்டைக் கடந்து திரும்ப வேண்டும்.

இதில் மூன்று மாற்றங்கள் செய்து பாருங்கள். காலால் கீறிய கோட்டின் மேல் சுண்ணாம்பு போடுகிறோம். கோடு தெளிவாகத் தெரியும், சண்டை குறையும், ஆட்டம் அதே ஆட்டம். மைதானத்துக்கு மின்விளக்குப் போடுகிறோம். இரவிலும் ஆடலாம், ஆட்டம் அப்போதும் அதே ஆட்டம். மூன்றாவதாக, கிளி நடுக்கோட்டில் ஓடலாம் என்ற ஒரு விதியை மட்டும் எடுத்துவிடுகிறோம். கோடும் நிலமும் ஆட்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் உள்ளே நிற்பவருக்கு முதுகுப்பக்கத்துப் பயம் போய்விட்டது. எப்போது பாய்வது, யாருக்குப் போக்குக் காட்டுவது, எங்கே நின்று மூச்சு வாங்குவது என்ற கணக்கு முழுவதும் குலைந்துவிட்டது. இனி அது வேறு விளையாட்டு.

விளையாடுபவர் எடுக்கும் முடிவு, அதைச் செய்யும் அசைவு, அதற்கு ஆட்டம் தரும் பதில் ஆகிய மூன்றும் சேர்ந்ததை ஆட்டமுறை என்று வைத்துக்கொள்வோம். சிறுவன் ‘விளையாட்டே வேறு மாதிரி’ என்று சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: மாறியது சுண்ணாம்புக் கோடா, கிளியின் விதியா?

## உழவு இயந்திரமும் குழாய்க்கிணறும்

எருமை கட்டி உழுத வயலில் உழவு இயந்திரம் இறங்கியபோது ஒரு வாரத்து வேலை ஒரு நாளில் முடிந்தது. விளைந்தது அதே நெல்தான். மேட்டுக்காணியில் குழாய்க்கிணறு தோண்டி மோட்டர் வைத்தபோது நடந்தது வேறு. மழையை நம்பிக் கச்சான் போட்ட நிலத்தில் வெயில் காலத்திலும் மிளகாய் நின்றது. முன்பு நினைத்தும் பார்க்க முடியாத பயிர் அது.

கன்சோல்களின் வளர்ச்சியிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. விளம்பரத்தில் நாம் காண்பது பெரும்பாலும் முதல் வகை. படம் கூர்மையாகிறது, தண்ணீர் தண்ணீர்போலவே அலைகிறது. இப்போது அதிகம் பேசப்படும் ரே டிரேசிங்கும் இதில்தான் அடங்கும். ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை அது. கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் குட்டையில் வானம் தெரிவதால் விளையாடுபவர் எடுக்கும் முடிவு மாறுவது அரிது.

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அதனோடு வெளியான ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்ற விளையாட்டு நல்ல சான்று. அது 2009இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்ததன் மறுவடிவம். கல்லும் இரும்பும் தீயும் புதிதாக வரையப்பட்டிருந்தன. எதிரி எங்கே காத்திருக்கிறான், எப்போது வாள் வீசுவது, எப்போது விலகுவது என்பவை பெரும்பாலும் பழையபடியே இருந்தன.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றுண்டு. திரை ஒரு நொடியில் காட்டும் தனிப்படங்களை பிரேம் என்பார்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 33 மில்லிநொடி. 60 பிரேம் என்றால் 17 மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு. பொத்தானை அழுத்தியதும் திரை பதில் சொல்லும் நேரம் குறைவதால் கைக்கும் கண்ணுக்கும் இடையில் ஒட்டுதல் கூடுகிறது. மிகப் பயனுள்ள மாற்றம். ஆனாலும் அது நல்ல உழவு இயந்திரம்தான், குழாய்க்கிணறு ஆகாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், படமும் வேகமும் இருக்கும் ஆட்டத்தை மேம்படுத்துகின்றன. முன்பு எடுக்க முடியாத ஒரு முடிவை, செய்ய முடியாத ஓர் அசைவை எது கொடுக்கிறதோ அதைத்தான் புதிய ஆட்டமுறை என்று கொள்ளவேண்டும்.

## கைக்குள் நடந்த மாற்றங்கள்

கன்சோல் வரலாற்றில் குழாய்க்கிணறுகளைத் தேடினால் அவை அதிகம் அகப்படுவது திரையில் இல்லை, கையில்தான் என்பது என் முடிவு.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோகோய் என்பவர் 1982இல் ஒரு கையடக்கக் கருவிக்காகக் கூட்டல் குறி வடிவில் ஒரு பொத்தானை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு வந்த ஃபமிகொம் கன்சோலிலும் அது ஏறியது. பெருவிரல் ஒன்றாலேயே நான்கு திசைக்கும் போகலாம். ஆனால் அந்தப் பொத்தானுக்குத் தெரிந்த சொற்கள் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுதான். வீட்டுச் சுவிட்சைப்போல, போட்டால் எரியும், விட்டால் அணையும்.

1996இல் வந்த நின்டெண்டோ 64இன் கண்ட்ரோலரில் ஒரு சிறு குச்சி இருந்தது. எவ்வளவு சாய்க்கிறோம் என்பதையும் அது அளந்து சொல்லும். மின்விசிறி ரெகுலேற்றரைப்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டலாம், குறைக்கலாம். அதனோடு வந்த ‘சூப்பர் மரியோ 64’இல் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொல்லாத செடி இருக்கிறது. ஓடிப்போனால் விழித்துக் கடிக்க வரும். குச்சியை மெல்லச் சாய்த்துப் பதுங்கிப் போனால் விழிக்காது. சுவிட்சுப் பொத்தானிடம் ‘மெதுவாக’ என்ற சொல்லே இருக்கவில்லை. அந்தச் சொல் கிடைத்ததும் பதுங்குவது என்ற முடிவும் பிறந்தது. எனக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தெரியாது.

அடுத்தது 2006இல் நின்டெண்டோ கொண்டுவந்த வீ (Wii) என்ற கன்சோல். ஏ9 வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது பரந்தன் சந்தியில் சாரதி பிரேக் பிடித்தால் எல்லோரும் முன்னால் சாய்வோம். கண்ணை மூடியிருந்தாலும் நாம் சாயும் பக்கத்தையும் அளவையும் வைத்து பஸ் என்ன செய்தது என்று சொல்லிவிடலாம். முடுக்கமானி என்ற சிறு மின்னணுச் சில்லின் (சிப்) வேலையும் அதுதான். அதற்குள் மிகச் சிறிய சிலிக்கன் எடை ஒன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. கருவியை வீசினால் எடை பின்தங்கும், பின்தங்கிய அளவைச் சில்லு மின்சாரமாகச் சொல்லும். வீயின் கண்ட்ரோலருக்குள் இந்தச் சில்லு இருந்ததால் பந்தை அடிக்கக் கையை வீசினாலே போதும். அதே காலத்தில் போட்டிக்கு நின்ற பிளேஸ்டேஷன் 3உம் எக்ஸ்பொக்ஸ் 360உம் கணினி வலுவில் வீயைவிட வெகுதூரம் முன்னால் நின்றன. ஆனாலும் வீ 10 கோடிக்கு மேல் விற்றது. அதற்குமுன் கண்ட்ரோலரைத் தொட்டுப் பாராதவர்களும் அதை வாங்கினார்கள். என் மேசைக்கு வரும் தொலைபேசிகளிலும் இதே வகைச் சில்லு இருக்கிறது. தொலைபேசியைச் சரித்தால் படம் திரும்புவது அதனால்தான்.

கையில் செய்த புதுமை எல்லாம் பலித்துவிடவில்லை. 2010இல் மைக்ரோசொப்ட் கொண்டுவந்த கினெக்ட் என்ற கமெரா விளையாடுபவரின் முழு உடலையும் பார்த்தது. கையில் எதுவுமே வேண்டாம். கேட்கும்போது இதுவே பெரிய புதுமையாகத் தெரியும். ஆனால் கையில் எதுவும் இல்லாதபோது எதையும் பிடித்த உணர்வும் அடித்த உணர்வும் இல்லை, உடல் அசைந்து சற்றுப் பிந்தித்தான் திரை அசையும், நிற்க விசாலமான அறையும் வேண்டும். தொடக்கத்தில் நன்றாக விற்றும், 2017இல் தயாரிப்பை நிறுத்தினார்கள்.

இனி, சிறுவன் கேட்ட பிளேஸ்டேஷன் 5. அதிலும் எனக்கு மெய்யாகவே புதிதாகத் தெரிந்தது கண்ட்ரோலர்தான். பழைய தொலைபேசியின் அதிர்வு மோட்டரைக் கழற்றினால் நுனியில் அரைநிலவு வடிவில் ஒரு சிறு உலோகத் துண்டு இருக்கும். ஒருபக்கம் மட்டும் கனம். அது சுழன்றால் தொலைபேசி முழுவதும் உதறும். பழைய கண்ட்ரோலர்களில் இருந்ததும் இதே ஏற்பாடுதான், அளவில் பெரியது. ‘உர்’ என்ற ஒரே மொழி. புதியதில் ஒலிபெருக்கிக்குள் இருப்பதைப் போன்ற சுருள் இருக்கிறது. காந்தத்தின் நடுவே அது முன்னும் பின்னும் துடிப்பதால் மணலில் நடப்பதற்கு ஓர் அதிர்வு, தகரத்தில் மழை விழுவதற்கு இன்னோர் அதிர்வு என்று பிரித்துக் காட்ட முடிகிறது. சுட்டுவிரல் அழுத்தும் விசைகளுக்குப் பின்னால் பற்சக்கரம் பூட்டிய சிறு மோட்டர் ஒன்று நின்று எதிர்த்துத் தள்ளும். ஒருநாள் அதைக் கையில் பிடித்து அழுத்திப் பார்த்தேன். பாதிவரை இலகுவாகப் போன விசை, நடுவில் மண்ணில் இறுகிய துலாக்கயிறுபோல மறுத்தது, பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்தது. என்னை அறியாமல் விரலைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் இந்த உணர்வை ஆட்டத்தின் விதியாக்கியவை மிகச் சில. பெரும்பாலான விளையாட்டுகளில் அது அலங்காரமாகவே நின்றுவிடுகிறது. கிணறு வெட்டியாயிற்று, தண்ணீரும் இருக்கிறது, பயிர் வைத்தவர்கள்தான் குறைவு.

சுருக்கமாக: கண்ட்ரோலர் நம்மிடமிருந்து எதைக் கேட்டுக்கொள்ளும், நமக்கு எதைச் சொல்லும் என்பது மாறினால் ஆட்டமுறை மாறுவதற்கு வழி திறக்கிறது. உறுதியில்லை, வழி மட்டும்தான்.

## மடைப்பள்ளியும் களஞ்சியமும்

இயந்திரத்தின் வலுவுக்கு ஆட்டமுறையில் பங்கே இல்லை என்று சொன்னால் அது பிழை.

1977இல் வந்த அட்டாரி 2600இன் நினைவகம் 128 பைட். இன்றைய கணினி எழுத்துமுறையில் ஒரு நீளமான தமிழ் வாக்கியத்தைக்கூட அதற்குள் வைக்க முடியாது. 1985இன் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவத்தை வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். இன்று பார்த்தாலும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் முழுநகரத்தை வைத்து, விரும்பிய தெருவால் போ என்று சொல்ல முடியாது. 1994இல் பிளேஸ்டேஷனும் பின்னர் நின்டெண்டோ 64உம் முப்பரிமாண உலகை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, ‘எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது’ என்பதே விளையாடுபவர் எடுக்கவேண்டிய முடிவாகிவிட்டது. அது வலுவால் கிடைத்த புதுப்பயிர்.

இப்போதைய கன்சோல் தலைமுறையின் பெருமை எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம். கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை நினைவகம். அரிசி மூட்டை அடுக்கிய களஞ்சியம் சேமிப்பகம். களஞ்சியம் இரண்டு கட்டை (மைல்) தொலைவில் இருந்து, சைக்கிளில்தான் மூட்டை வரவேண்டுமென்றால் பந்தியை நிறுத்தி வைக்கவேண்டும். விளையாட்டின் நடுவே திரை கறுத்துக் காக்கவைப்பது இதுதான். சில விளையாட்டுகளில் பாத்திரம் ஒடுங்கிய பாறை இடுக்கால் மெல்லப் புகுந்து போவதும், மின்தூக்கியில் நெடுநேரம் நிற்பதும் மூட்டை வந்து சேரும்வரை நம்மைப் பேச்சுக்கொடுத்து வைக்கும் தந்திரங்கள்.

சுழலும் தட்டுள்ள பழைய சேமிப்பகம் நொடிக்குச் சுமார் 50 முதல் 100 மெகாபைட் கொடுக்கும். தட்டு எதுவும் சுழலாத, சில்லுகளாலான சேமிப்பகம்தான் எஸ்.எஸ்.டி. பிளேஸ்டேஷன் 5இல் உள்ளது நொடிக்கு 5.5 கிகாபைட். களஞ்சியம் அடுப்படிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 2021இன் ‘ராச்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அப்பார்ட்’இல் காற்றில் ஒரு பிளவு திறக்கும், பாய்ந்தால் சில கணங்களில் வேறோர் உலகம். பார்க்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உலகில் போய் நாம் செய்வது என்ன? பாய்கிறோம், சுடுகிறோம். அந்தத் தொடர் 2002இல் தொடங்கியபோதும் அதைத்தான் செய்தோம்.

## வயர் வழியே வந்தது

2002இல் எக்ஸ்பொக்ஸ் கன்சோலுக்கு இணையவழி விளையாட்டுச் சேவை வந்தது. எதிரே இருப்பது நிரலா, இன்னொரு நாட்டு மனிதரா என்பது ஆட்டமுறையை அடியோடு மாற்றும். மனிதர் பயப்படுவார், பொய் காட்டுவார், பழிவாங்குவார். ஆனால் இதற்குப் புதிய கன்சோல் தேவையில்லை, நல்ல இணைப்புத்தான் தேவை. எங்கள் பக்கத்துக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இன்றைய பெரிய விளையாட்டுகளில் 100 கிகாபைட்டை எட்டுபவை இருக்கின்றன. தொலைபேசி டேட்டாவில் இறக்குவது பெருஞ்செலவு. பிளேஸ்டேஷன் 5இல் இறுவட்டு போட இடமில்லாத வகையும் விற்பனையில் உண்டு. வெளிநாட்டு உறவினரிடம் கேட்பவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள்.

## பிறகு ஏன் எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது?

பெரிய விளையாட்டு ஒன்றைச் செய்யப் பல ஆண்டும் பெரும் பணமும் ஆகின்றன. போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் பழைய கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் விற்கவேண்டும். 2022இல் வந்த ‘கோட் ஆப் வார் ரக்னராக்’ பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டுக்கும் வந்தது. இரண்டிலும் ஓடவேண்டிய ஆட்டத்தின் விதிகளை இரண்டிலும் சிறியதற்கு ஏற்றபடிதான் அமைக்க முடியும். பெரியதற்குக் கிடைப்பது அழகான படமும் குறைந்த காத்திருப்பும்.

ஆனால் புதிய ஆட்டமுறைகள் பலவும் வலுவான இயந்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற விளையாட்டைச் செய்த கணினியில் படம் வரையும் வசதியே இல்லை. எழுத்துக்குறிகளால்தான் கட்டைகளைக் காட்டினார். சுருங்கிக்கொண்டே வரும் ஒரு பகுதியில் பலர் இறங்கிக் கடைசி ஆள் மிஞ்சும்வரை மோதும் ஆட்டமுறை, பிரெண்டன் கிரீன் என்பவர் வேறொரு கணினி விளையாட்டைத் தன் விருப்பத்துக்கு மாற்றியமைத்ததில் உருவானது. அதுவே 2017இல் பப்ஜி ஆனது. இன்று கிளிநொச்சி பஸ் நிலையத்தில் தொலைபேசியைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பையன்கள் ஆடுவதும் அதன் வழிவந்தவற்றைத்தான்.

அதே 2017இல் வந்த ‘செல்டா: பிரெத் ஆப் த வைல்ட்’ இன்னும் நல்ல சான்று. புல்லுக்குத் தீ வைத்தால் சூடான காற்று மேலெழும், அதில் ஏறிப் பறக்கலாம். இரும்பு வாளோடு இடிமழையில் நின்றால் மின்னல் தாக்கும். தீ, காற்று, இரும்பு, மின்னல் எல்லாவற்றுக்கும் விதி வைத்துவிட்டு, மிச்சத்தை விளையாடுபவரிடம் விட்டுவிட்டார்கள். அது அப்போது புதிதாக வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் மட்டுமல்ல, 2012இல் வந்து சரியாக விற்காத வீ யூ கன்சோலிலும் ஓடியது.

இதை நான் என் கண்ணாலேயே கண்டேன் என்று சொல்லலாம். நான் வளர்ந்தபோது வன்னியில் அரச மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். மற்ற ஊர்களுக்கு வந்ததுபோலக் கன்சோல்கள் எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக, வரிசையில் வரவில்லை. மீள்குடியேறிய பின் இரண்டு பற்றரி போட்டு விளையாடும் கறுப்பு வெள்ளைக் கட்டை விளையாட்டும், ரீ.வி.யில் செருகும் கசெட் விளையாட்டும், தொடுதிரைத் தொலைபேசியும் ஓரிரு ஆண்டுக்குள் ஒன்றாகவே கைக்கு வந்தன. எது பழையது, எது புதியது என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. எங்கள் வீட்டில் சண்டை வந்தது கறுப்பு வெள்ளைக் கட்டை விளையாட்டுக்குத்தான்.

## அந்தப் பற்றுச்சீட்டு

சிறுவனிடம் பேனாவைக் கொடுத்து, அவன் ஆசைப்படும் ஐந்து விளையாட்டுகளை எழுதச் சொன்னேன். ‘ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலிஸ்’, ‘ஹொரைசன் ஃபொர்பிடன் வெஸ்ட்’, 2024க்கான கால்பந்து, ‘மைன்கிராஃப்ட்’, ‘அஸ்ட்ரோ பொட்’. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் நான்கும் அவன் பையில் இருந்த பிளேஸ்டேஷன் 4இலேயே ஓடும். படம் சற்று மங்கும், காத்திருப்பு கூடும், எடுக்கும் முடிவுகள் அவைதான்.

ஐந்தாவது ஓடாது. அது பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் 2024இல் வந்தது, அந்தக் கண்ட்ரோலரின் அதிர்வையும் விசையையும் நம்பிக் கட்டப்பட்டது. கிணற்றுத் தண்ணீரில் உண்மையாகவே பயிர் வைத்த சிலரில் அவர்களும் அடக்கம். அவன் அதை எழுதியது எதனால் என்று கேட்டேன். “அதில் விரலுக்குத் தெரியுமாம் அண்ணா” என்றான்.

நான்கு பெயர்களுக்கு நேரே சரி போட்டு, ஐந்தாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். தகப்பன் சீட்டை வாங்கி நிதானமாக ஒருமுறை வாசித்தார். அந்தக் கடைசிப் பெயரை எப்படிச் சொல்வது என்று மகனிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, இரவு கனடாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது வேண்டும் என்று சட்டைப் பையில் மடித்து வைத்தார்.